ஓணானின் வெயில் குகை

கருஞ்சேற்றுக் குட்டைக் கரையில் வளையன் என்றொரு நண்டு இருந்தான். சந்தேகம் என்றால் அவனுக்கு அப்படி ஒரு சந்தேகம்! தூறல் விழுந்தால்கூட, "இது மழைதானா, இல்லை யானை மூக்கைச் சிந்துதா?" என்பான். தன் வளைக்கு ஒரு வாசல் போதாதென்று மூன்று வாசல் வைத்திருந்தான். அதனால் கரையெல்லாம் ஓட்டை. "கரையை உடைக்கவே பிறந்தவன்" என்று குட்டையில் எல்லாரும் அவனைத் திட்டுவார்கள். திட்டினால் கோபித்துக்கொண்டு இன்னொரு ஓட்டை போடுவான்.

அந்த மூன்றாவது வாசலில் குடியிருந்தாள் பூந்தோலி என்ற தவளை. உடம்பு முழுக்க வெளிர் மஞ்சள். கறுப்புச் சேற்றில் அவள் உட்கார்ந்தால் பனைமர உச்சியிலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரியும். அதுதான் வினை. போன வாரம், அதே நிறத்திலிருந்த அவள் அக்காவைப் பருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து பூந்தோலி வாய்விட்டுக் கத்துவதையே விட்டுவிட்டாள். அடுத்தது தான்தான் என்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த நேரம் பார்த்துக் கரைக்கு மறுபக்கம், பள்ளத்திலிருந்த பாறைக் குகையில் ஓர் ஓணான் கடை விரித்தார். அவர் பெயர் செங்கழுத்தார். குகைக் கூரையில் ஒரு துவாரம். உள்ளே சுற்றிலும் கண்ணாடிபோல் மின்னும் காக்காப்பொன் தகடுகள். துவாரத்தில் விழும் வெயில் தகட்டுக்குத் தகடு தெறித்து, நடுவிலிருந்த கல்லில் வந்து குவியும்.

"வெளியே வெயில் காய்ந்தால் பருந்து பார்க்கும்! உள்ளே காய்ந்தால் யார் பார்ப்பார்?" என்று செங்கழுத்தார் கூவினார். "ஒரு பகல் படுத்தால் போதும். சேற்று நிறம் வந்துவிடும். ஆளுக்கு ஒரு வாய் கறையான் கொண்டுவந்தால் சரி!"

முதலில் ஆமை போனது. ஓட்டைச் சூடேற்றிக்கொண்டு, "ஆகா, சுகம்!" என்று திரும்பி வந்தது. அடுத்து பன்றி போனது. வரும்போது முதுகெல்லாம் சிவந்து, தோல் பட்டைபட்டையாக உரிந்திருந்தது.

"எரியுதே, ஓணானய்யா!" என்றது பன்றி.

"பழையது உரிகிறது, புதியது வரும்!" என்றார் அவர். பன்றி சமாதானமாகி, சேற்றில் போய்ப் புரண்டது.

வளையனுக்கு அந்தச் சமாதானம் பிடிக்கவில்லை. பக்கவாட்டிலேயே நகர்ந்து குகை வாசலுக்குப் போனான்.

"ஆமைக்கு ஓடு இருக்கு. பன்றிக்குக் கொழுப்பு இருக்கு. தவளைக்கு இருக்கிறது ஈரத்தோல் மட்டும்தான். அதுக்கும் இது ஒத்துவருமா?" என்று கேட்டான்.

வாசல் பாறைமேல் இருந்த செங்கழுத்தார் தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

"ஆமைக்கு எவ்வளவு நேரமோ தவளைக்கும் அவ்வளவு நேரமா?"

அதற்கும் தலை ஆடியது.

"முந்தாநாள் உள்ளே போன குட்டித் தவளை இன்னும் வெளியே வரலையே! எங்கே போனான்?"

"கறுத்த சந்தோஷத்தில் பக்கத்துக் குளத்துக்குக் குடிபோய்விட்டான்!" என்றார் செங்கழுத்தார். சொல்லும்போது அவர் கழுத்து இன்னும் கொஞ்சம் சிவந்தது. வளையன் அதைக் கவனித்துக்கொண்டான்.

நேராகப் பூந்தோலியிடம் வந்தான். "தங்கச்சி, அந்தக் குகைப் பக்கம் போகாதே! எனக்கு என்னமோ சரியாப் படலை."

"உனக்கு எதுதான் சரியாப் பட்டிருக்கு, அண்ணே?" என்று சீறினாள் பூந்தோலி. "என்னைக்காவது எதையாவது நம்பியிருக்கியா? மழையையே நம்பாதவன் நீ! அக்காவைத் தூக்கிட்டுப் போனது உனக்குத் தெரியாதா? கறுத்தால் பிழைப்பேன். இல்லைன்னா பருந்துக்கு இரைதான்!"

"எங்க நண்டுக் கூட்டத்தில் நிறம் மாறினா என்ன அர்த்தம் தெரியுமா? சட்டியில் விழுந்தாச்சுன்னு அர்த்தம்! சூட்டில் வர்ற நிறத்தை நான் நம்ப மாட்டேன்!"

பூந்தோலி சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வளையன் திரும்பி நடந்தான். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, தேவையான நேரத்தில் தன் சந்தேகத்துக்கு மதிப்பில்லாமல் போய்விட்டதே என்று நொந்துகொண்டான்.

நொந்து என்ன பயன்? அவனுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். கரையைத் தோண்டத் தொடங்கினான். குட்டைப் பக்கம், நீர்மட்டத்துக்கு ஒரு விரல் மேலே தொடங்கி, கீழ்நோக்கிச் சரிவாகக் குகையை நோக்கித் தோண்டினான். "மறுபடியும் ஓட்டையா? பாவி!" என்று ஆமை கத்தியது. அவன் காதில் வாங்கவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் அவன் கொடுக்கு குகையின் பின்சுவரைத் துளைத்தது. உள்ளே எட்டிப் பார்த்தான். மூலையில் ஒரு சருகு கிடந்தது. கொடுக்கால் இழுத்துப் பார்த்தான். சருகுக்கு நான்கு கால் இருக்காதே! காய்ந்து சுருங்கிக் கிடந்தவன் குட்டித் தவளை. பக்கத்துக் குளத்துக்குப் போகவே இல்லை.

அப்போதுதான் நடுக்கல்லிலிருந்து ஒரு முனகல் கேட்டது. பூந்தோலி! அண்ணனுக்குத் தெரியாமல் காலையிலேயே வந்து படுத்துவிட்டாள். வெளிர் மஞ்சள் தோல் மங்கிப் பழுப்பாகியிருந்தது. அவள் ஆசைப்பட்ட நிறம்தான்!

"தங்கச்சி, எழுந்திரு!"

"முடியலை, அண்ணே... வயிறு கல்லோடு ஒட்டிக்கிச்சு..."

வளையன் கொடுக்கால் பற்றி இழுத்தான். இழுத்தால் தோல் கிழியும் போலிருந்தது. விட்டுவிட்டான். வந்த வழியே பாய்ந்து ஓடி, ஓட்டையின் வாயில் இருந்த ஒரு விரல் மண்ணை இரண்டு கொடுக்காலும் வெட்டினான். வெட்டினான், வெட்டினான்! குட்டைத் தண்ணீர் ஓட்டைக்குள் தலைகீழாகப் பாய்ந்தது. வளையனையும் உருட்டிக்கொண்டு குகைக்குள் விழுந்தது. சூட்டுக்கல்லில் தண்ணீர் பட்டதும் 'சுர்ர்' என்று ஆவி கிளம்பியது. அடுத்த அலையில் பூந்தோலி மெல்லக் கல்லிலிருந்து கழன்று மிதந்தாள்.

சத்தம் கேட்டு எல்லாரும் ஓடிவந்தார்கள். செங்கழுத்தார் பாறைமேல் ஏறி நின்று, "கடையைக் கெடுத்துவிட்டான், ஓட்டைக்காரன்!" என்று கூச்சலிட்டார்.

வளையன் காய்ந்த குட்டித் தவளையைக் கொண்டுவந்து அவர் முன்னே வைத்தான்.

"இது சருகுதானே?" என்று கேட்டான்.

அவர் அவசரமாகத் தலையை ஆட்டினார்.

"இல்லை, குட்டித் தவளையா?"

தலை நிற்கவில்லை, ஆடியது.

"உங்க குகைதான் கொன்றதா?"

அதற்கும் ஆடியது! ஓணான் பாறைமேல் ஏறிவிட்டால் தலை தானாக ஆடும். அதைத்தான் இத்தனை நாளும் எல்லாரும் 'சரி, சரி' என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பன்றி தன் உரிந்த முதுகைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஓர் உறுமல் உறுமியது. செங்கழுத்தார் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்தான், அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பூந்தோலிக்குப் பழைய நிறம் திரும்ப ஐந்து நாளாயிற்று. பழைய நிறம் வந்ததும் பழைய பயமும் வந்தது. வளையன் அவளைக் குட்டையின் நடுவே, வெள்ளையும் மஞ்சளுமாக ஆம்பல் பூத்திருந்த இடத்துக்கு அழைத்துப் போனான்.

"சேற்றை விட்டுட்டு இங்கே உட்கார், தங்கச்சி."

அவள் பூக்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். பருந்து மேலே வந்தது. ஒரு வட்டம், இரண்டு வட்டம் அடித்தது. கீழே பூக்கள்தான் தெரிந்தன. போய்விட்டது. பல நாளுக்குப் பிறகு பூந்தோலி வாய்விட்டுக் கத்தினாள். அக்காவை நினைத்து ஒரு கத்தல், தான் பிழைத்ததற்கு ஒரு கத்தல். வளையன் மட்டும், எதற்கும் இருக்கட்டுமென்று, அந்தப் பூக்கள் நிஜப் பூக்கள்தானா என்று ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாத் தோலுக்கும் ஒரே வெயில் போதுமென்று தலையாட்டுகிறவரை நம்பிப் படுக்காதே. உன் தோல் எப்படிப்பட்டது என்று கேட்டறிந்து சொல்கிறவர் பேச்சையே கேள்.