பச்சைப் பட்டை நிரம்பிய பிறகு

"காவி எப்பம்மா தருவீங்க?" என்று கேட்டார் தாணுமூர்த்தி.

மங்கையம்மா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கார்டு எடுக்கப் படிச்சாச்சா அண்ணாச்சி?"

எட்டு மாதமாக இதே கேள்வி, இதே பதில். தாணுமூர்த்திக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வந்த கோபத்தை வைக்க இடமில்லாமல் அவரும் ஒரு பிடி அவரைக்காயை எடுத்து ஆயத் தொடங்கினார்.

களக்காட்டுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது அந்த ஆசிரமம். ஆசிரமம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று ஓட்டு அறை, ஒரு கிணறு, நாலு பேர். அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. துறவுக்கு முன் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர். சீடர் தாணுமூர்த்திக்கு அறுபத்து மூன்று. முப்பத்தொரு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். குருவுக்குச் சீடர் அண்ணாச்சி, சீடருக்குக் குரு அம்மா. அந்தச் சீமையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

வந்த முதல் வாரமே அம்மா அவருக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமைதோறும், கேட்க வரும் ஊர்க்காரர்கள் முன் அம்மா பேசுவார். பேச்சு லேப்டாப்பில் பதிவாகும். அதை ஒரு மெமரி கார்டில் ஏற்றி, பால்காரர் கையில் கீழ்க்கிராமத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே சேர்மதுரை என்று ஒருவர். புளி உலுக்க மரமேறி விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் மூன்று வருடமாகக் கட்டிலில் கிடப்பவர். கார்டு போட்டால் பாடும் சின்னப் பெட்டி ஒன்று அவர் தலைமாட்டில் இருந்தது.

லேப்டாப்பின் இடது விலாவில் கார்டுக்கென்று ஒரு பொந்து உண்டு. அதில் செருக வேண்டும், ஏற்ற வேண்டும், எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதில் படிக்க என்ன இருக்கிறது?

தாணுமூர்த்தி எடுக்கும் விதம் இது: திரையில் பச்சைப் பட்டை நகர்ந்து நிரம்பும். நிரம்பிய மறுகணம் நகத்தைக் கொடுத்துக் கார்டை நெம்பி, வெடுக்கென்று உருவிவிடுவார். திரையின் மூலையில் கம்ப்யூட்டர் ஏதோ முனகும். அதை அவர் சட்டை செய்ததில்லை.

இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட ஒன்றும் ஆகவில்லை. இதை அவர் அம்மாவிடம் பல தடவை சொல்லியும் இருக்கிறார்.

அன்றைக்கு அவரைக்காய் முடிவதற்குள் பால்காரர் வந்துவிட்டார். கையில் அந்தக் கார்டு.

"சேர்மதுரை குடுத்துவிட்டாரும்மா. பெட்டி பேசவே இல்லையாம்."

தாணுமூர்த்தி கார்டைப் பொந்தில் செருகிப் பார்த்தார். காலி. உள்ளே ஒன்றுமே இல்லை.

"வேற ஏதும் சொன்னாரா?" என்று அம்மா கேட்டார்.

பால்காரர் தலையைச் சொறிந்தார். "அந்தாளு ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருந்தாராமே, போன தடவை?"

அனுப்பியிருந்தார். படுத்தே கிடக்கிறவனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்டிருந்தார். போன சனிக்கிழமை அம்மா பேசியது முழுக்க அதற்கான பதில்தான்.

"வெறும் கார்டு வந்ததும் மனுசன் ஒடிஞ்சு போயிட்டாரு. 'அம்மா பேசாததே பதில்னு எடுத்துக்கிட்டேன். நான் ஏதும் தப்பாக் கேட்டுட்டேனா, என் மேல வருத்தமான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க'ன்னாரு."

திரும்பி வரும்போது பதில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் பால்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

தாணுமூர்த்தி நின்ற இடத்திலேயே நின்றார்.

"நான் ஏத்தினேம்மா. பச்சைப் பட்டை முழுசா நிரம்பிச்சு. என் கண்ணால பாத்தேன்."

"நிரம்பினதும்?"

"எடுத்துட்டேன்."

"அது என்ன சொல்லிச்சு?"

"எது?"

"கம்ப்யூட்டர்."

"அதுகிட்ட என்னத்தம்மா கேக்க? அது மிஷினு."

அம்மா முறத்தை ஓரமாக வைத்தார்.

"ஸ்டேஷன்ல ரயிலை எப்படி அண்ணாச்சி விடுவீய?"

இந்தக் கேள்வி வந்தால் தாணுமூர்த்தி பத்து வயது குறைந்துவிடுவார். "அடுத்த ஸ்டேஷனைக் கூப்பிட்டு லைன் கிளியர் கேக்கணும். அவன் குடுத்தாத்தான் விடணும்."

"ஜனம் ஏறியாச்சு. மணியும் ஆயிட்டு. எஞ்சின் கூவுது. அப்பவுமா?"

"எப்பவும்தான்! எட்டிப் பாத்தா தண்டவாளம் காலியாத்தான் தெரியும். அந்தப் பக்கம் என்ன ஓடுதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? அவன் 'சரி'ன்னு சொல்லணும்லா?"

சொல்லிவிட்டு அவரே லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தார்.

அம்மா எழுந்து லேப்டாப்பின் முன் போய் உட்கார்ந்தார். பேச்சை மறுபடி கார்டில் ஏற்றினார். பச்சைப் பட்டை ஊர்ந்து ஊர்ந்து நிரம்பியது.

தாணுமூர்த்தியின் விரல் தானாகப் பொந்துப் பக்கம் போனது. அம்மா அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்தார்.

கார்டில் ஏறியதைத் திறந்து இரண்டு வரி ஓடவிட்டுக் கேட்டார். சரியாக இருந்தது. பிறகு திரையின் மூலையில் சொடுக்கி, கார்டை எடுக்கட்டுமா என்று கேட்டார்.

திரையில் ஒரு கட்டம் எழும்பியது. உள்ளே வேலை நடக்கிறது, இப்போது எடுக்க வேண்டாம் என்றது.

"பாத்தீயளா?" என்றார் அம்மா.

கேட்டுக்கொண்டிருந்த பேச்சை மூடினார். சற்றுப் பொறுத்தார். மறுபடி கேட்டார்.

இப்போது இன்னொரு கட்டம் வந்தது. இனி எடுக்கலாம்.

தாணுமூர்த்தி நகத்தை நீட்டினார்.

"நெம்பாதீங்க. உள்ள அழுத்துங்க."

"வெளிய எடுக்கணும்மா."

"அதுக்குத்தான் சொல்லுதேன். உள்ள அழுத்துங்க."

அவர் அரைமனதோடு கார்டின் விளிம்பை உள்ளே தள்ளினார். 'டிக்' என்று ஒரு சத்தம். கார்டு தானாக வெளியே வந்து அவர் விரலில் நின்றது.

எட்டு மாதமாக நகத்தால் நெம்பியிருக்கிறார். பொந்தின் ஓரமெல்லாம் கீறல்.

கார்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் கிளம்பின அன்னைக்குச் செண்பகம் தூங்கிக்கிட்டு இருந்தாம்மா."

செண்பகம் அவர் மனைவி.

"முதல் பஸ்ஸைப் பிடிக்கணும்னு கிளம்பிட்டேன். எழுப்பினா அழுவா, அழுதா நான் நின்னுருவேன்னு பயம். 'ஆசிரமத்துக்குப் போறேன், தேட வேண்டாம்'னு ஒரு தாள்ல எழுதி, வீட்டுச் சாவியை அதுமேல வச்சேன். பையன் செட்டிலாயிட்டான், வீடு கட்டியாச்சு, எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன்."

பச்சைப் பட்டை நிரம்பிவிட்டது என்று நினைத்தார். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"சேர்மதுரை கேட்டானே, என் மேல வருத்தமான்னு…"

துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அம்மா வெளியே போய் வெயிலைப் பார்த்துவிட்டு வந்தார்.

"கார்டை நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. அங்க இருந்து திருநவேலி பஸ் பதினொண்ணே காலுக்கு."

சேர்மதுரை இவரைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார், பழக்கதோஷம். தாணுமூர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியில் கார்டைப் போட்டார்.

அம்மாவின் குரல் வந்தது: "சேர்மதுரை ஒரு கேள்வி கேட்டிருக்காரு. நான் சனிக்கிழமை பேசுறதே அவருக்காகத்தான். இங்க முன்னால உக்காந்திருக்கவங்க பாதிப் பேரு தூங்குதாங்க. முழுசாக் கேக்கிறது அவரு ஒருத்தருதான். கேக்க ஆள் இல்லைன்னா எனக்கு என்ன பிரயோசனம்?"

சேர்மதுரை சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதார். "இன்னொரு தடவை போடுங்க அண்ணாச்சி," என்றார்.

"தப்பு என்னுதுய்யா. அவசரப்பட்டு உருவிட்டேன்."

"வந்து சொன்னீயள்லா, அது போதும். நல்லாயிருப்பீய." தாணுமூர்த்தியின் கையை அவர் விடவே இல்லை.

பதினொன்றே கால் பஸ்ஸில் தாணுமூர்த்தி ஏறினார்.

செண்பகம்தான் கதவைத் திறந்தாள். மெலிந்திருந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் குடித்து முடிக்கும் வரை நின்றாள். பிறகு கேட்டாள்.

"அன்னைக்கு ரசத்துல உப்பு கூடிப்போச்சு. அதுக்கு நீங்க ஒண்ணு சொன்னீய. பதிலுக்கு நான் வெடுக்குன்னு பேசிட்டேன். அதனாலயா?"

எட்டு மாதம் ஒருத்தி ஒரு ரசத்தை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"இல்லட்டி. சத்தியமா இல்ல."

"பின்னே?"

"உன்கிட்ட சொல்லிட்டுப் போகத் தைரியமில்ல. அவ்வளவுதான்."

அவர் அவள் காலடியில், வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"ரயில்வேக்காரன் எத்தனையோ ஊரு மாத்தினான், எத்தனையோ குவார்ட்டர்ஸு. நான் கொடியைப் பிடிச்சுக்கிட்டுப் பிளாட்பாரத்துல நின்னேன். பெட்டி கட்டினது, பிள்ளையை வளர்த்தது, என் அம்மாவைக் கடைசி வரைக்கும் பாத்தது எல்லாம் நீ. ஒரு நாளும் உன்கிட்ட ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல. இப்ப சொல்லுதேன். நான் நல்லாயிருந்தது உன்னாலதான்."

"இதைச் சொல்லவா வந்தீய?"

"ஆமா."

அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாப்பிட்டீயளா?" என்றாள்.

ரசம் வைத்தாள். உப்பு குறைவாக இருந்தது. அவர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஆறாம் நாள் காலையில் அவர் கேட்டார், அவள் முகத்தைப் பார்த்து.

"நான் போயிட்டு வரட்டுமா, செண்பகம்?"

அவள் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. யோசித்தாள்.

"ஊறுகாய்க்கு நறுக்கிருக்கேன்," என்றாள். "இது காயட்டும்."

தாணுமூர்த்தியின் கை கொஞ்ச நேரம் அலைந்தது. பிறகு மடியில் போய் உட்கார்ந்தது.

சனிக்கிழமை மாலை, மொட்டை மாடியில் நின்றபடி செண்பகத்தின் போனிலிருந்து ஆசிரமத்துக்குப் பேசினார். எதிரே பாயில் மாங்காய்த் துண்டுகள் மஞ்சள் மஞ்சளாகப் பரந்து கிடந்தன. மதில்மேல் மூன்று காக்கைகள்.

"கேட்டேம்மா."

"என்ன சொன்னாங்க?"

"இப்ப வேண்டாமாம். ஊறுகாய் காயணுமாம்."

"நீங்க என்ன செய்யுதீய?"

"காக்கா விரட்டுதேன்."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழே அடுக்களையில் செண்பகம் ஏதோ முணுமுணுப்பாகப் பாடுவது கேட்டது. இந்த வீட்டில் அவள் பாடுவாள் என்பதே அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் காக்கைகளைப் பார்த்துக் கும்பிட்டார். அவை பறந்துபோய்விட்டன.

அந்தப் பக்கம் அம்மா சிரிப்பது கேட்டது.

"உங்க காவி வேட்டி இங்க கொடியில காயுது அண்ணாச்சி," என்றார். "நிதானமா வாங்க."