மழையை முந்திய இருளாயி

அந்தக் காலத்தில் மழைகூட வாய் திறந்து பேசும். இன்றைக்கு ஊரையே கூட்டுகிற ஆள்காட்டிக் குருவிதான் அன்றைக்கு வாயில்லாப் பூச்சி. கேட்டால்தான் பேசும், அதுவும் காதோடு காதாக.

ராமநாதபுரச் சீமைக்கு ஒரே மழைதான். ஐப்பசியில் கடல் பக்கமிருந்து வரும். அது வந்து மண் நனைந்த பிறகுதான் ஏரைத் தொடலாம் என்பது ஊர்க்கட்டு. எல்லாரும் அதற்கப்புறம் உழுது விதைப்பார்கள். பயிர் கதிர் பிடிக்கிற நேரம் பார்த்து மழை மூட்டை கட்டிவிடும். வயல் முழுக்கப் பதர்தான் மிஞ்சும்.

அங்கே பிள்ளைகளோடு தனியாகப் பயிர் செய்துவந்தவள் இருளாயி. வருஷா வருஷம் பதர் அறுத்து, கடைசியில் அவளிடம் ஒரு கூடை விதைநெல்தான் மிஞ்சியது. அதுவும் போனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிழைப்புத் தேடி ஊரைவிட்டே போகவேண்டியதுதான். மார்கழியில் கிளம்பிய மழையை அவள் வழிமறித்தாள்.

“இன்னுங் கொஞ்ச நாளு நின்னுட்டுப் போயேன். கதிரு பால் பிடிக்கிற நேரம்.”

“ஒனக்காக நான் மாற முடியாது. வேணும்னா நீ மாறிக்க” என்றது மழை.

திமிரில் சொன்ன சொல்தான். ஆனாலும் அது இருளாயி மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

ஆவணி வெயிலில் அவள் வயலுக்குப் போனாள். நிழல் இல்லாத வெறுந்தரையில் முட்டையிட்டுக் காத்து நின்றது ஆள்காட்டிக் குருவி.

“ஏ புள்ள, மழை வந்தப்புறம் பச்சைக்குள்ள ஒளிச்சு வைக்கக் கூடாதா?”

“அப்ப வச்சா, பூச்சி புழு கெளம்புற நேரத்துல எங்குஞ்சு முட்டைக்குள்ளல்ல கெடக்கும்?” என்றது குருவி மெதுவாக. “மழை வர்றப்ப அது வாயத் தெறந்துக்கிட்டுத் தயாரா நிக்கணும்.”

இருளாயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுந்தவள் நேராகப் போய் ஏர் பூட்டினாள். முட்டை இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு, காய்ந்த மண்ணைப் புழுதி பறக்க உழுதுவிட்டு, விதைக் கூடையைத் தூக்கி வந்தாள்.

கூரி என்ற பக்கத்து வயல்காரன் வரப்பில் நின்று சிரித்தான். “புத்தி பேதலிச்சுருச்சா? எறும்புக்கும் புறாவுக்கும் விருந்து வைக்கிறியே!”

அவன் சொன்னதும் பொய்யில்லை. எறும்புகள் சாரை கட்டிவிட்டன, புறாக்கள் வட்டமிட்டன. அவள் கூடையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு குருவியிடம் திரும்பினாள்.

“ஏ குருவி, ஒம் முட்டைய நான் மிதிக்கல. எவ் வெதைய நீ பாத்துக்குவியா?”

குருவி தலையாட்டியது. இருளாயி கண்ணை மூடிக்கொண்டு இருந்த விதையையெல்லாம் புழுதியில் வீசினாள்.

குருவி எறும்புகளைக் கொத்திக் கொத்தித் தின்றது. புறாக்கள் இறங்கியபோதுதான் முதன்முதலாக அது வாயைத் திறந்தது. அப்படி ஒரு கத்தல்! புறாக்கள் சிதறிப் பறந்தன. கூரி வரப்பிலிருந்து புழுதியில் விழுந்தான்.

ஐப்பசியில் மழை மிடுக்காக வந்தது. ஊர் அப்போதுதான் ஏரைத் தேடிக்கொண்டிருந்தது. இருளாயி வயலிலோ, நனைந்த மறுநாளே விதை முளைக்கத் தொடங்கிவிட்டது.

“எனக்கு முன்னால இங்க கை வச்சது யாரு?” என்று மழை இடித்தது.

“நாந்தான்! மாறச் சொன்னே, மாறிட்டேன்!” என்றாள் இருளாயி, நனைந்துகொண்டே.

மார்கழியில் மழை கிளம்பியபோது கூரியின் பயிர் இன்னும் பச்சையாக நின்றது. இருளாயி வயலில் மணி முற்றிக் கதிர் தலைசாய்ந்து கிடந்தது. இந்த முறை அவள் வழிமறிக்கவில்லை.

“போயிட்டு வா மகராசி!” என்று கையசைத்து வழியனுப்பினாள். மழைதான் போக மனசில்லாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

அந்த வருஷம் முதல்தான் அந்தச் சீமையில் மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கிறார்கள். யார் வயலில் கால் வைத்தாலும் ஆள்காட்டிக் குருவி தொண்டை கிழியக் கத்துவதும் அன்று முதல்தான்.