ஒரு குடை: மூன்றாம் வெளியீடு

பாளையங்கோட்டையில் கிடார் சொல்லிக்கொடுக்கும் மெர்லின் டீச்சருக்கு வயது முப்பத்தைந்து. அவரிடம் படிக்கும் சுடலைமுத்துவுக்கு ஐம்பத்தாறு. டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார். இருவருக்கும் இதில் ஒரு சங்கடமும் இல்லை.

அண்ணாச்சி தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடிய முதல் ஆல்பம் 'ஒரு குடை'. வீட்டு முன்னறையில் செல்போனை வைத்துப் பதிவு செய்தது. தலைப்புப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் மனுஷனுக்கு வரி மறந்துபோயிற்று. அடுப்படியிலிருந்து அவர் மனைவி பகவதி "பாதி நனைஞ்சு" என்று எடுத்துக்கொடுத்தார். அண்ணாச்சி சிரித்துவிட்டு மேலே பாடினார். அதை அப்படியே, 'குரல்: சுடலைமுத்து' என்ற அட்டையோடு, இணையத்தில் போட்டும் விட்டார்.

ஊருக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் ஒரு கல்யாண வீட்டில், பொண்டாட்டி சொல்லித்தான் பாட்டு வருமோ என்று யாரோ கேட்டுவிட்டார்கள். பந்தியில் பாதிச் சோற்றோடு எழுந்து வந்தவர், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஆல்பத்தை நீக்கினார். அன்றிலிருந்து அவர் பாட உட்கார்ந்தால் பகவதி கொல்லைப்புறம் போய்விடுவார். அண்ணாச்சி அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

இரண்டாவது வெளியீடு சென்னையில். பெரிய ஸ்டுடியோ, வயலின், புல்லாங்குழல் எல்லாம் உண்டு. வரியைத் தாளில் பார்த்துப் பாடினார். ஒரு பிசிறு கிடையாது. கேட்கத்தான் ஆள் இல்லை. ஜனங்கள் பழைய பதிவையே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சிக்கு வயிறு எரிந்தது.

இப்போது சென்னைப் பதிவையே மூன்றாவது வெளியீடாகக் கொண்டுவரப் புது அட்டையும் தயார். அதை எடுத்துக்கொண்டு, மார்க்கெட்டுக்கு வந்த பகவதியையும் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு வந்தார். பகவதி உள்ளே வரவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தார்.

அண்ணாச்சி விஷயத்தைக் கொட்டினார். பழைய பதிவை ஒரு இடம் விடாமல் அழிக்க வேண்டும், வழி சொல்ல வேண்டும்.

"அது சுத்துற வரைக்கும் நான் பாட்டுக்காரன் இல்ல டீச்சர், சிரிப்புக்காரன்."

டீச்சர் கிடாரை எடுத்துக் கொடுத்தார்.

"பாடுங்க அண்ணாச்சி. தாள் வேண்டாம்."

பாடினார். முதல் சரணம் நன்றாக வந்தது. இரண்டாம் சரணத்தில் அதே இடத்தில் நின்றார். விரல் மட்டும் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டியது. வரி டீச்சருக்குத் தெரியும், சொல்லவில்லை. அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. மீட்டுவதையும் நிறுத்திவிடுவார் போலிருந்தது.

வராந்தாவில் கீரைக்கட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"பாதி நனைஞ்சு," என்றார் பகவதி. தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

அண்ணாச்சி பாட்டைப் பாடி முடித்தார். வராந்தாப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"எந்தப் பதிவை வெளியிட, டீச்சர்?"

டீச்சர் புது அட்டையை எடுத்துப் பார்த்தார். 'வரிகள், இசை, குரல்: சுடலைமுத்து' என்று பொன்னெழுத்தில் இருந்தது. 'குரல்' என்ற இடத்தில் விரலை வைத்து அவர் பக்கம் நீட்டினார்.

"எல்லாத்தையும் திருத்திட்டீங்க அண்ணாச்சி. இது மட்டும் முதல்லருந்தே ஒரு பேர் குறைஞ்சே வந்திருக்கு."