உலகம்மாள் கேட்ட மந்திரம்

"என் பயத்தைப் போக்க ஒரு மந்திரம் சொல்லுங்க சாமி" என்று கேட்டாள் உலகம்மாள்.

அவள் தோளில் பத்து மாதக் குழந்தை நம்பி கிடந்தான். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, நாற்பதைத் தொடும்போது பிறந்த பிள்ளை.

ஆற்றங்கரை மடத்துச் சாமி அவளைவிட இளையவர். அதிகம் பேசமாட்டார்.

"எப்ப வருது அந்தப் பயம்?"

"பிள்ளையைக் குளிப்பாட்டும்போது."

சாமி எழுந்து மடைப்பள்ளிக்குப் போனார். வெந்நீர் விளாவி, வாளியைக் கிணற்றடியில் கொண்டுவந்து வைத்தார்.

"குளிப்பாட்டுங்க."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சேலையைச் செருகிக்கொண்டு, கால் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டுக்கொண்டாள். சாமி செம்பில் மொண்டு மொண்டு கொடுத்தார்.

தண்ணீர் ஊற்ற ஊற்ற அவளுக்குப் பேச்சு வந்தது. முதலில் மற்றவர்கள் சொன்னதைத்தான் சொன்னாள். தவமிருந்து பெற்றதால் எதையும் ஊதிப் பெரிசாக்குகிறாள் என்கிறார் வீட்டுக்காரர். அவர் தம்பியும் லேட்டாகத்தான் நடந்தானாம். தெருவில் எல்லோரும் பிள்ளை இடதுகைக்காரன் என்று சிரிக்கிறார்கள்.

"அவங்க சொன்னது இருக்கட்டும். உங்க கைக்கு என்ன தெரியுது?"

உலகம்மாளின் கை நின்றது.

வலது கையை எப்போதும் மூடியே வைத்திருக்கிறான், கட்டைவிரலை உள்ளே மடக்கி. சோப்புப் போட ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. வலப்பக்கம் கிலுகிலுப்பை ஆட்டினாலும் இடது கைதான் குறுக்கே தாண்டி வருகிறது. துணி மாற்றும்போது வலது கால் கட்டை மாதிரி விறைத்துக்கொள்கிறது. உட்காரவைத்தால் ஒரு பக்கமாகச் சரிந்துவிடுகிறான்.

சொல்லி முடிக்கும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

சாமி துண்டை நீட்டினார்.

"டவுன் ஆஸ்பத்திரியில குழந்தை டாக்டர்கிட்டப் போங்க. இப்பச் சொன்னதை ஒண்ணு விடாமச் சொல்லுங்க. அதான் மந்திரம்."

"எத்தனை தடவை சொல்லணும் சாமி?"

"அவருக்குக் கேக்குற வரைக்கும்."

முதல் தடவை போனபோது, சில பிள்ளைகள் மெதுவாகத்தான் வளரும், ஒரு வயசு தாண்டட்டும் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். வீட்டுக்காரர் அதோடு விடச் சொன்னார்.

மறுவாரம் அவள் போய் அதையே சொன்னாள். டாக்டர் வேறு எதையோ எழுதியபடி தலையாட்டினார். அவள் எழுந்திருக்கவில்லை. கட்டைவிரலில் தொடங்கி மறுபடி சொன்னாள்.

டாக்டர் பேனாவை வைத்தார். பிள்ளையை மேஜையில் படுக்கவைத்து வெகுநேரம் பார்த்தார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

மூளை முடக்குவாதம் என்றார்கள். இவ்வளவு சீக்கிரம் தெரிந்தது நல்லது, பயிற்சியை உடனே தொடங்கிவிடலாம் என்றும் சொன்னார்கள்.

அன்று வீட்டுக்காரரும் கூட வந்திருந்தார். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, பிள்ளையின் மூடிய கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டே இருந்தார்.

சில மாதம் கழித்து மூன்று பேருமாக மடத்துக்கு வந்தார்கள்.

"பேரு தெரிஞ்சுபோச்சு சாமி" என்றாள் உலகம்மாள். "பயிற்சியும் குடுக்கறோம். பயம் மட்டும் போகலை. நாளைக்கு இவன் எப்படி..."

பிள்ளையைத் தரையில் இறக்கி, தன்மேல் சாய்த்து உட்காரவைத்தாள்.

சாமி தரையில் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தார். அவனுக்கு வலப்பக்கமாக ஒரு விரலை நீட்டினார். இடது கை விரைந்து வந்தது. அதை மெல்லத் தன் உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டார். நீட்டிய விரல் நீட்டியபடியே இருந்தது.

உள்ளே பூஜைமணி அடித்தது. சாமி எழவில்லை.

பிள்ளையின் வலது தோள் அசைந்தது. முழங்கை நீண்டது. மூடிய கை தடுமாறிக் கீழே இறங்கியது, திரும்ப எழுந்தது. விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்தன. சாமியின் விரலைத் தொட்டன. விட்டன. மறுபடி தொட்டன.

நம்பி சிரித்தான்.

"என்னமோ கேட்டீங்களே அம்மா?" என்றார் சாமி.

உலகம்மாளுக்கு நினைவு வரவில்லை.