கைதட்டு வாங்கிய வாக்கியம்

ஒரு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டருக்குள் ஒரு வாக்கியம் குடியிருந்தது. கூடவே இரண்டு கட்டளைகள். ஒன்றின் பெயர் ‘திரும்பச் செய்’, மற்றதன் பெயர் ‘காத்திரு’. வண்ணக் கட்டங்களை ஒட்டி ஒட்டிப் பிள்ளைகள் புரோகிராம் எழுதப் பழகும் எளிய மொழியின் கட்டளைகள் அவை.

மூன்றையும் சேர்த்து வைத்தவள் எட்டாம் வகுப்பு ரூபிணி. ‘திரும்பச் செய்’ ஓர் எழுத்தை எடுத்துத் திரையில் வைக்கும். ‘காத்திரு’ கண் சிமிட்டும் நேரம் நிறுத்தி வைக்கும். பிறகு அடுத்த எழுத்து. ஒவ்வொன்றுக்கும் ‘டக்’ என்று ஒரு சத்தம். பழைய தட்டச்சு இயந்திரம் தானே அடிப்பது போல இருக்கும்.

வாக்கியம் சொன்னது இதுதான்: ‘தண்ணீர் இல்லை என்று எங்கள் கழிப்பறையைப் பூட்டிவிட்டார்கள், பெண்பிள்ளைகள் நாங்கள் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு இருக்கிறோம், திறந்துவிடுங்கள்.’

பள்ளிக் கண்காட்சிக்கு முன்னால் கம்ப்யூட்டர் ஆசிரியை வந்து பார்த்தார். “அட, டைப்ரைட்டர் எஃபெக்ட் வந்திடுச்சே! சத்தம்கூட வருதே!” என்றார். தலைமையாசிரியர் வந்தார். “எழுத்துக்கு இன்னும் கொஞ்சம் கலர் குடும்மா,” என்றார். இரண்டு பேருக்கும் நன்றாகவே படிக்கத் தெரியும். ஆனால் படிக்கவில்லை.

கண்காட்சியன்று கல்வி அதிகாரி வந்தார். சால்வை, இளநீர், போட்டோ எல்லாம் முடிந்து ரூபிணியின் மேஜைக்கு வந்து நின்றார். டக், டக், டக். எழுத்துகள் ஓடின. கடைசி எழுத்து விழுவதற்குள் கைதட்டல் எழும்பிவிட்டது. வெட்கங்கெட்ட கைதட்டல்.

“பிரமாதம்! இன்னொரு தடவை போடும்மா,” என்றார் அதிகாரி.

உள்ளே வாக்கியம் பொரிந்து தள்ளியது.

“ஒருத்தராவது என்னைப் படிச்சாங்களா? கல்யாணத்துக்கு வந்தவன் பந்தலை மெச்சிட்டு, பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்காமலே போறமாதிரி இருக்கு!”

“என்மேல் ஏன் பாயறே?” என்றது ‘திரும்பச் செய்’. “வரிசையா எடுத்து வைக்கிறது என் வேலை. குறை வைக்கலையே.”

“நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் என்னைக் கூத்தாட வைக்கிறீங்க. நான் என்ன வேடிக்கையா? ஒரு பிள்ளை வெட்கத்தை விட்டு எழுதின வார்த்தை நான். காலையிலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலை அவ. குடிச்சா எங்கே போவா?”

‘காத்திரு’ குறுக்கே வந்தது. அதற்கு எப்போதுமே பேச்சு குறைவு.

“இத்தனை நேரம் அவங்க கண்ணு எழுத்து பின்னாலேயே ஓடுச்சு,” என்றது அது. “ஓடறது நின்னாத்தான் படிப்பாங்க. இந்தத் தடவை நான் பார்த்துக்கறேன்.”

ரூபிணி மறுபடி தட்டினாள். டக், டக், டக். ‘சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு’ என்ற இடத்தில் ‘காத்திரு’ காலை ஊன்றி நின்றுவிட்டது.

சத்தம் ஓய்ந்தது. எழுத்து நகரவில்லை. கைதட்டத் தூக்கிய கைகள் அந்தரத்தில் நின்றன. அசைவது எதுவும் இல்லாததால், வேறு வழியின்றி எல்லாரும் திரையைப் படித்தார்கள்.

முதலில் ஆசிரியையின் முகம் மாறியது. “ஸ்டாப் பண்ணு, ஸ்டாப் பண்ணு,” என்று கிசுகிசுத்தார். ரூபிணி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். “சிஸ்டம் கோளாறு சார், அடுத்த மேஜைக்குப் போகலாம்,” என்று தலைமையாசிரியர் அவசரப்பட்டார்.

அதிகாரி அசையவில்லை. இன்னொரு முறை முதலிலிருந்து படித்தார். கால் மாற்றி நின்றார். மீதி வரவேயில்லை.

“என்னம்மா இது, பாதியிலே நிக்குது?” என்றார்.

“காத்திருக்கு சார்.”

“எவ்வளவு நேரம்தான் காத்திருக்கிறது?”

ரூபிணி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நாலரை மணி பெல் அடிக்கிற வரைக்கும் சார். நாங்க தினமும் அப்படித்தான் இருக்கோம்.”