நாச்சிமுத்து வெட்டிய வெளிச்சம்

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுசாக நம்பவில்லை. சொன்ன மாரப்பன் பொய் பேசமாட்டான். அதற்குக் கொஞ்சம் மூளை வேண்டும். ஆகவே கோளாறு என் மண்டையிலோ என்றுகூட யோசித்திருக்கிறேன்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் நாச்சிமுத்து கேபிள் டிவி நடத்தினார். வேலைக்கு இரண்டு பேர்: உள்ளூர் மாரப்பன், மெட்ராஸ்காரன் வேம்புலி. கிழக்குத் தெருவுக்கு ஒரு ஃபைபர் கேபிள், மேற்குத் தெருவுக்கு ஒன்று. கிரிக்கெட்டில் கிழக்குத் தெரு "அவுட்டு!" என்று கத்திய பிறகுதான் மேற்குத் தெரு டிவியில் பந்தே போடுவார்கள்.

"ஞாயித்துக்கிழமை ஃபைனல். ரெண்டு தெருவும் ஒண்ணாக் கத்தலைன்னா உன்ற கனெக்‌ஷனே வேண்டாம்" என்றது மேற்குத் தெரு.

நாச்சிமுத்து டவுன் இன்ஜினியருக்குப் போன் போட்டார்.

"ரெண்டுலயும் வெளிச்சம் வர்ற நேர வித்தியாசத்தைப் பாருங்க. லேட்டா வர்றதுதான் நீளம்" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

கம்பத்திலிருந்து இரண்டு கேபிளையும் கழற்றிச் சுருட்டி ஆபீசுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் நாச்சிமுத்து டார்ச் அடித்தார். மறுபக்கம் மாரப்பனும் வேம்புலியும் ஆளுக்கொரு கேபிளில் கண்ணை வைத்தார்கள்.

"வந்துச்சி!" என்றான் வேம்புலி.

"வந்துருச்சுங்கண்ணா!" என்றான் மாரப்பன்.

"உன்றது லேட்டு" என்று மாரப்பன் கேபிளை வெட்டினார் நாச்சிமுத்து. மறுபடி டார்ச். மறுபடி லேட்டு. மறுபடி வெட்டு.

கேபிள் பாதியானதும் வேம்புலிக்குச் சந்தேகம். "அண்ணாத்தே, இவன் கண்ணு ஸ்லோ. எடம் மாத்திப் பாப்போம்."

மாற்றினார்கள். இப்போது அடுத்த கேபிள் லேட்டு.

"நீளம் இந்தப் பக்கம் தாவிருச்சுங்கண்ணா!"

"தாவும். கண்ணாடிதானே, வழுக்கும்" என்றார் நாச்சிமுத்து.

"மறுக்கா தாவுறதுக்குள்ள ரெண்டையும் வெட்டிப்போடலாமுங்கண்ணா."

ஞாயிற்றுக்கிழமை வந்தபோது இரண்டு கேபிளும் ஆபீஸ் வாசலைத் தாண்டும் நீளம்கூட இல்லை. டாஸ் போடும் நேரம். இரண்டு தெருவும் கத்திக்கொண்டே ஆபீசை நோக்கிக் கிளம்பின. கிழக்கு ஜன்னலில் வேம்புலி, மேற்கு ஜன்னலில் மாரப்பன். தெருக்காரர்களைக் கண்டதும் "வந்தாச்சு!" என்று அவனும் "வந்தாச்சுங்கண்ணா!" என்று இவனும் சொல்லி முடித்தது ஒரே நேரத்தில்.

நாச்சிமுத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "துளி வித்தியாசமில்லடா!" என்றபடி பின்சுவர் ஏறிக் குதித்தார்.

இந்த இடம்தான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. போன மாதம் மாரப்பனைப் பிடித்துக் கேட்டேவிட்டேன்:

"அப்படின்னா மேற்குத் தெரு ஒரு 'ங்கண்ணா' முன்னாடியே வந்திருக்கணுமே, மாரப்பா?"