நேற்று அடைத்த ஏழு ஓட்டைகள்

பனங்காட்டு ஓரத்தில் ஆளுயரத்துக்கு ஒரு கறையான் புற்று இருந்தது. ஆயிரக்கணக்கான கறையான்கள் கூடிக் கட்டிய புற்று. ஓட்டை உடைசல் கண்ணில் பட்டால் அங்கே யாரையும் கேட்க வேண்டியதில்லை. பார்த்தவரே மண்ணைக் குழைத்து அடைத்துவிடலாம். அடைத்த இடத்தில் தன் எச்சிலால் ஒரு பொட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். மோந்து பார்த்தால் யார் வேலை என்று தெரிந்துவிடும்.

புற்றின் நடுவில் முட்டை அறை. அதைப் பார்த்துக்கொண்டவள் குறுமணி என்ற கறையான். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை அவள் உள்ளே நுழைந்தபோது அறை அடுப்பங்கரைபோல் கொதித்தது. முந்தின நாள் வரை குளுகுளுவென்று இருந்த இடம்! உச்சி வெயில் ஏறுவதற்குள் சூடு தணியாவிட்டால் ஒரு முட்டைகூட மிஞ்சாது.

காவல் தலைவன் தடிமண்டையிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவன் முட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோரையும் கூட்டினான்.

"நேத்து எவனோ காத்து வர்ற வழியை அடைச்சிருக்கான். அவனைப் பிடிச்சு வெளியே தள்ளப் போறேன். மிச்சத்தை எறும்பு பார்த்துக்கும்!"

சிலர் நைசாக நழுவிப் போய்த் தாங்கள் வைத்த பொட்டை நக்கி அழித்துவிட்டு வந்தார்கள். பயம் வந்தால் புத்தி அப்படித்தான் போகும். தடிமண்டை சுவர் சுவராக மோந்து பார்த்தான். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது.

குறுமணியும் முந்தின நாள் ஒரு விரிசலை அடைத்திருந்தாள். அவளுக்கும் பயம்தான். ஆனாலும் முட்டைகளை நினைத்ததும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"மேற்குச் சுவர்ல நான் ஒண்ணு அடைச்சேன். அதை உடைங்க. நேத்து அடைச்ச எல்லாத்தையுமே உடைங்க. பழையபடி ஆயிட்டா முட்டை பிழைக்கும். எதனால வந்துச்சுன்னு அப்புறம் தேடிக்கலாம்."

ஒருத்தி வாயைத் திறந்ததும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. நான் வாசலில், நான் கிழக்கே என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கடைசியில் வெள்ளச்சி என்பவள், புற்றின் உச்சியில் இருந்த துளையை அடைத்தது தான்தான் என்று முனகினாள். மொத்தம் ஏழு. ஏழையும் உடைத்தார்கள். காற்று இறங்கியது, சூடு தணிந்தது.

ஏழு ஓட்டையையும் அப்படியே விட்டால் எறும்புப் படை உள்ளே வந்துவிடும். அதனால் குறுமணி ஒன்றை அடைக்கச் சொன்னாள், முட்டை அறையில் நின்று பார்த்தாள், பிறகுதான் அடுத்தது. ஐந்து வரை ஒன்றும் ஆகவில்லை. ஆறாவதாக உச்சித் துளையை அடைத்ததும் அறை மறுபடி கொதித்தது.

வெள்ளச்சி சொன்னாள்: "தலைவர்தான் அடைக்கச் சொன்னாரு. மழைத்தண்ணி அவர் தலையில சொட்டுச்சாம்."

எல்லோரும் தடிமண்டையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பெரிய தாடை தொங்கிப்போயிற்று. அவனையே வெளியே தள்ளு என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"வேண்டாம்," என்றாள் குறுமணி. "இவரைத் தள்ளினா அடுத்த தடவை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க. துளையைத் திறந்துட்டு மேல சாய்ப்பா ஒரு மண்கூரை போடுங்க. காத்தும் வரும், தண்ணியும் சொட்டாது."

அப்படியே செய்தார்கள். மீதியிருந்த ஏழாவது ஓட்டையையும் அடைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து எதை அடைத்தாலும், முட்டை அறையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவது என்றும் வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் தடிமண்டை சுவர்களை மோந்துகொண்டிருந்த நேரத்தில் மேல் வரிசை முட்டைகள் வெந்துபோயிருந்தன. குறுமணி அவற்றை ஒவ்வொன்றாகச் சுமந்து வெளியே கொண்டுபோய்ப் போட்டாள். தடிமண்டை தலையைக் குனிந்தபடி அவளுக்கு வழிவிட்டு நின்றான்.

கூடிச் செய்யும் வேலையில் பிசகு வந்தால், நன்றாக இருந்த நிலைக்கு முதலில் திருப்ப வேண்டும். குற்றவாளியைத் தேடிப் புறப்பட்டால் காப்பாற்ற வேண்டியது கைவிட்டுப் போய்விடும்.